ஏழாவது நிமிடத்தில் எழுந்து போனவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மின்கற்றல் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தொடங்கும்போதே எனக்கு ஒரு சங்கடம். இந்த அறையில் நானும் ஒரு மைக்கும்தான் இருக்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்களா, பஸ்ஸில் இருக்கிறீர்களா, கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்கிறீர்களா, எனக்குத் தெரியாது. நான் சொல்வது புரிகிறதா, பாதியிலேயே வேறு நிலையத்துக்கு மாற்றிவிட்டீர்களா, அதுவும் தெரியாது. இருபது வருடங்களுக்கு மேல் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். கடைசி பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டால் கண்ணில் பட்டுவிடும். உடனே வேகத்தைக் குறைப்பேன், அல்லது அவன் பக்கமாக ஒரு கேள்வியை வீசுவேன். இங்கே அதற்கு வழியில்லை.

மின்கற்றல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இந்தச் சங்கடத்தைக் காட்டித்தான் பதில் சொல்வேன். செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ பாடம் வந்துவிட்டால் அது மின்கற்றல் என்று பலரும் நினைக்கிறார்கள். பாடம் போனால் மட்டும் போதாது. மாணவனிடமிருந்து ஏதாவது திரும்பி வர வேண்டும். அவன் போட்ட விடை, கேட்ட சந்தேகம், எந்த இடத்தில் தடுக்கி விழுந்தான் என்ற தகவல், இப்படி ஏதாவது. அதைப் பார்த்து அவனுக்கு அடுத்துப் போகும் பாடம் கொஞ்சமாவது மாற வேண்டும். திரும்பி வர வழியே இல்லையென்றால் அதற்குப் பெயர் ஒலிபரப்பு.

ஒலிபரப்பைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வானொலி நிலையத்துக்குள் உட்கார்ந்து அப்படிச் சொன்னால் மைக்கை அணைத்துவிடுவார்கள். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்று ஒரு நெல் ரகம் வந்தது. அதை எப்படிச் சாகுபடி செய்வது என்று திருச்சி வானொலி சொல்லிக்கொடுத்தது. விவசாயிகள் அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1956-இல், புனே வட்டாரத்தில் சுமார் 150 கிராமங்களில் யுனெஸ்கோ உதவியோடு வானொலி உழவர் மன்றங்கள் நடந்தன. ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் கூடி அரை மணி நேர நிகழ்ச்சியைக் கேட்பார்கள், பிறகு அதைப் பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள். கிளம்பும் சந்தேகங்கள் நிலையத்துக்குப் போகும், பதில் வானொலியில் வரும். பாருங்கள், தபால் வழியாகவாவது கேள்வி திரும்பிப் போயிருக்கிறது.

இன்னும் ஒரு வானொலிக் கதை சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி முழுக்கப் பொட்டல் காடு. பக்கத்து வீட்டுக்குப் போகவே மணிக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். அங்கே மாட்டுப் பண்ணைகளில் வளரும் பிள்ளைகளுக்கு எங்கே போய்ப் பள்ளிக்கூடம் கட்டுவது? 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் ‘வான்வழிப் பள்ளி’ தொடங்கினார்கள். விமானத்தில் பறந்துபோய் வைத்தியம் பார்க்கும் டாக்டர்களை அவசரத்துக்குக் கூப்பிட அந்தப் பண்ணைகளில் ஏற்கெனவே ரேடியோ இருந்தது. கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். அதே ரேடியோவில் பாடம் போயிற்று. முதலில் டீச்சர் மட்டும் பேசினார். சீக்கிரமே பாடத்தின் கடைசியில் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் நேரம் ஒதுக்கிவிட்டார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் அப்படி ரேடியோவில் படித்து வளர்ந்த ஒருவர் மார்ட்டின் டூகியாமஸ். இவர்தான் பிற்பாடு ‘மூடுல்’ என்ற மென்பொருளை எழுதினார். அதன் முதல் பதிப்பு 2002-இல் வெளியானது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர்க் கல்லூரிகளிலும் ஏகப்பட்ட இடங்களில் ஓடுவது இதுதான். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர், மார்க் ரிஜிஸ்டர், நோட்டீஸ் போர்டு, விடைத்தாள் கட்டு, இந்த நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மாணவன் தன் பெயரைச் சொல்லி உள்ளே நுழைகிறான். எந்தப் பாடத்தைத் திறந்தான், எப்போது திறந்தான், எந்தக் கேள்விக்கு என்ன விடை போட்டான் என்று ஒவ்வொன்றையும் எங்கோ இருக்கும் ஒரு சர்வர் குறித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறிப்பைத் திறந்து பார்க்கும் ஆசிரியருக்கு வகுப்பறையில் தெரியாத விஷயங்கள்கூடத் தெரியும். திறந்து பார்க்கிறாரா என்பது வேறு விஷயம்.

நானே பல நாள் திறந்து பார்க்கவில்லை. 2020-இல் ஊரடங்கு வந்ததும் எல்லோரையும் போல நானும் வீட்டில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, செல்போனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து, ஐம்பது நிமிடப் பாடத்தை அப்படியே காணொளியாக எடுத்து ஏற்றினேன். நன்றாக நடத்தினோம் என்ற திருப்தி வேறு. இரண்டு வாரம் கழித்துத் தற்செயலாக அந்தத் தளம் போட்டுவைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தேன். எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று ஒரு கோடு. ஏழாவது நிமிடத்தில் கிணற்றில் குதித்த மாதிரி செங்குத்தாக இறங்கியிருந்தது. என்னதான் செய்துவிட்டேன் என்று அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன். பலகையை அழித்துவிட்டு, “டெஃபினிஷன் எழுதிக்கோங்க” என்று கமா, புள்ளி சகிதமாக ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். இத்தனை வருடமும் வகுப்பில் இதைத்தான் செய்துவந்தேன். அங்கே கதவுக்குப் பக்கத்தில் நான் நின்றதால் யாரும் எழுந்து போகவில்லை, அவ்வளவுதான்.

2014-இல் எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களை எடுத்துக்கொண்டு, மாணவர்கள் காணொளி பார்த்த சுமார் 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்தார்கள். ஆறு நிமிடத்துக்குள் முடிகிற துண்டுகளைத்தான் மாணவர்கள் ஒழுங்காகப் பார்த்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நானும் என் ஐம்பது நிமிடத்தை எட்டுத் துண்டாக வெட்டினேன். வெட்டியதால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. துண்டுக்குத் துண்டு நடுவில் ஒரு கேள்வி வைத்த பிறகுதான் கோடு நிமிர்ந்தது.

கேள்வி வைப்பது என்பது ஒரு தனித் தொழில். சின்ன உதாரணம் சொல்கிறேன், மனக்கணக்காகவே போடலாம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஆறில் ஐந்து. அதோடு மூன்று தவறான விடைகளையும் தர வேண்டும். வாய்க்கு வந்ததைப் போட்டால் அது வெறும் லாட்டரி. பிள்ளைகள் நிஜமாகவே செய்யும் தப்பு என்னவோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டும் பிள்ளைக்கு ஐந்தில் இரண்டு வரும். கூட்டலுக்குப் பதில் பெருக்கும் பிள்ளைக்கு ஆறில் ஒன்று வரும். கீழே ஆறு என்று சரியாக மாற்றிவிட்டு மேலே மாற்ற மறக்கும் பிள்ளைக்கு ஆறில் இரண்டு. எந்த விடையைத் தொட்டது என்று பார்த்தாலே பிள்ளையின் மனதுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துபோகும். “தவறு, மீண்டும் முயல்க” என்று சிவப்பு எழுத்தில் காட்டுவது சோம்பேறித்தனம். ஐந்தில் இரண்டைத் தொட்ட பிள்ளையிடம் இப்படிக் கேட்கலாம்: “அரை தோசை சாப்பிட்டாய். அதற்கு மேலும் கொஞ்சம் சாப்பிட்டாய். மொத்தம் அரையைவிடக் குறையுமா? ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவுதானே?” இந்த இரண்டு வரியை எழுத ஒரு நல்ல ஆசிரியர் வேண்டும். அதை ஆயிரம் பேருக்கு அந்தந்த நொடியில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இயந்திரம் செய்கிற வேலை.

இப்படி அடிக்கடி கேள்வி கேட்பது பாடம் புரிந்ததா என்று பார்ப்பதற்கு மட்டும் இல்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைப் படித்ததும், சிலர் அதையே மறுபடி படித்தார்கள். சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் பாட்டிமார் “புஸ்தகத்தை மூடிட்டுச் சொல்லு” என்பார்களே, அதேதான்.

இந்தியாவில் மின்கற்றலைப் பெரிய அளவில் செய்வது என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டம். 2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியது. சென்னை ஐஐடி-க்கு இதில் பெரிய பங்கு உண்டு. முதல் பத்து வருடம் பெரும்பாலும் பாடக் காணொளிகளும் இணையத்தில் படிக்கும் பாடக் குறிப்புகளும்தான். 2014-இலிருந்து வாராவாரம் பயிற்சி, கடைசியில் தேர்வு, சான்றிதழ் என்று மாறியது. இப்போது மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளத்தில் இருக்கிறது. சேர்வது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பன்னிரண்டு வாரப் பாடம் என்றால் அசைன்மென்டுகளில் நன்றாகச் செய்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75.

ஏன் 75-ஐ நேரில் எழுதும் தேர்வுக்கு வைத்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கெடு முடியும் இரவு விடுதிகளில் என்ன நடக்கும் என்று பையன்களைக் கேளுங்கள். விடைகள் டெலிகிராமில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவன் போட்டால் ஐம்பது பேர் பார்த்து எழுதுவார்கள். அப்போது சர்வருக்குத் திரும்பி வருவது மாணவன் மனதில் உள்ளது அல்ல, டெலிகிராமில் உள்ளது. இதற்கு மென்பொருளில் மருந்து இருப்பதாக விற்பனைக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொரு பக்கம், சேர்ந்தவர்கள் எல்லோரும் முடிப்பதும் இல்லை. 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை வந்தவர்கள் 23,000 பேர் அளவில். இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. எந்தக் கல்லூரியில் ஒரே வகுப்பில் 23,000 பேர் தேறியிருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனால் பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று யாரும் அவர்களுக்கு போன் போட்டுக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

திரும்பிக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பது சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நம் மாநிலத்தில் 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்தார்கள். மறு வருடமே ஊரடங்கு வந்ததும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. வீட்டில் ஒரே ஒரு செல்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையில் டிவி-யாவது இருந்ததே. ஆனாலும் 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களை மாலை நேரத்தில் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்துக்கே அனுப்ப வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பு வரைக்கும். கோவில் திண்ணையில் பாயை விரித்து, “நீ சொல்லு பார்ப்போம், இது என்ன எழுத்து?” என்று ஒரு அக்கா கேட்க வேண்டியிருந்தது. டிவி-யால் அதைக் கேட்க முடியாது. கேட்டாலும் பதிலுக்குக் காத்திருக்க முடியாது.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. கண்ணாடிக்குப் பின்னால் விரலைக் காட்டுகிறார்கள். ஒரே ஒரு கேள்வி. பேச்சின் தொடக்கத்தில் ஒரு நெல் ரகம் சொன்னேன். விவசாயிகள் வைத்த பெயர் உங்களுக்கு உடனே வந்துவிடும். ஆடுதுறை எத்தனை? இப்போது வேண்டாம், இரவு சாப்பிடும்போது யோசித்துப் பாருங்கள், செல்போனில் தேடாமல். விடையை வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். எனக்கு அது வந்து சேராது.

வணக்கம்.