ஹார்ப்புக்கு 7 பெடல்: வாசிப்பதா, எழுதுவதா?

வணக்கம். சத்தம் சரியாகக் கேட்கிறதா? பக்கத்து அறையில் ஒருவர் அரை மணி நேரமாக டிராம்போனில் ஒரே ஸ்கேலை வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் நிறுத்தட்டும், பேசலாம் என்று காத்திருந்தேன். நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. இந்தப் பயிற்சி அறை எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்குத்தான், அதிலும் 20 நிமிடம் போய்விட்டது. அதனால் அவரோடு சேர்ந்தே பேசிவிடுகிறேன்.

போன வீடியோவுக்குப் பிறகு திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான். இசையில் பட்டப்படிப்பு என்று முடிவு செய்துவிட்டேன், பெர்ஃபார்மன்ஸ் (வாசிப்பது) எடுப்பதா, கம்போசிஷன் (இசை எழுதுவது) எடுப்பதா? நான் இரண்டிலும் கால் வைத்தவள். பியானோ வாசிக்கத்தான் சேர்ந்தேன், இரண்டாம் ஆண்டில் கம்போசிஷனுக்கு மாறினேன். ஆக, இரண்டு பக்கத்துப் புலம்பலும் எனக்குத் தெரியும்.

முதலில் பெர்ஃபார்மன்ஸ். சேர்வதற்கு முன் நான் நினைத்தது, நாள் முழுக்க ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார் என்று. பெரும்பாலான இடங்களில் முதன்மை வாத்தியத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் தனி வகுப்பு. மீதி நேரமெல்லாம் நீங்களும் நான்கு சுவரும். ஆசிரியர் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுப்பது, மற்ற ஆறு நாளும் உங்களுக்கு நீங்களே எப்படி ஆசிரியராக இருப்பது என்பதைத்தான். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன், இடது கை தெரிகிறதா? இந்த நான்கு பாரில், அதாவது நான்கு தாளக் கட்டத்தில், இடது கை இங்கிருந்து இங்கே தாவ வேண்டும், ஒன்றரை ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) மேல். நான் தாளம் தப்பாமல் வாசிப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் போனில் பதிவு செய்து, தாளம் தட்டும் மெட்ரோனோமோடு வைத்துக் கேட்டேன். தாவுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தாமதம். அந்தத் தாமதத்தை மறைக்க அடுத்த பாரில் ஓட்டம். வாசிக்கும்போது இது எனக்குக் கேட்கவே இல்லை. பயம் காதை அடைத்துவிடுகிறது.

நான்கு பாரையும் நூறு தடவை வாசித்தால் இது சரியாகாது. தாவலை மட்டும் தனியாக எடுத்து, கையைத் தூக்கிப் போய்ச் சேர வேண்டிய கட்டையின் மேல் வைத்து, அழுத்தாமல் நிறுத்த வேண்டும். சத்தமே வரக்கூடாது. கை நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். 10 நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். 8 மணி நேரம், 10 மணி நேரம் என்று பெருமை பேசுகிறவர்களை நம்பாதீர்கள். 1993-ல் உளவியலாளர் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் நிபுணராகலாம் என்ற கதையெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். அதில் மிகச் சிறந்தவர்கள் தனியாகப் பயிற்சி செய்தது வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம், அதாவது ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரத்துக்குப் பக்கம். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தூங்கினார்கள், பகலில்கூட. இந்தப் பாதியை மட்டும் யாரும் போஸ்டர் அடித்து ஒட்டுவதில்லை.

கை வலித்தால் நிறுத்துங்கள். இசையமைப்பாளர் ஷூமான் வலது கையைக் கெடுத்துக்கொண்டு பியானோ கலைஞராகும் கனவையே விட்டவர். காதும் அப்படித்தான். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்பு அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94-க்குப் போனால் ஒரே மணி நேரம். இந்த மாதிரிச் சின்ன அறையில் பித்தளை வாத்தியம் வாசித்தால் அதைத் தொடுவது சுலபம். (பக்கத்து அறை அண்ணா, உங்களைத்தான்.) இசைக்கலைஞர்களுக்கென்றே காதடைப்பான் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பிரிவுக்கும் பொதுவான ஒரு வகுப்பு உண்டு, அதில்தான் எல்லோரும் விழுவோம். காதுப் பயிற்சி. ஆசிரியர் நான்கு குரலில் ஒரு சின்னப் பகுதியை மூன்று நான்கு முறை வாசிப்பார், நாம் நான்கையும் எழுத வேண்டும். மேல் குரல் யாருக்கும் கேட்கும். பாஸ் கொஞ்சம் பழகினால் கேட்கும். நடுவில் இருக்கிற ஆல்டோவும் டெனரும் கூட்டத்தில் தொலைந்த குழந்தைகள் மாதிரி. எனக்கு உதவியது பாடுவது. கோரல் (நான்கு குரலில் பாடும் சர்ச் பாட்டு) ஒன்றை எடுத்து மூன்று குரலைப் பியானோவில் வாசித்துக்கொண்டு டெனரை வாயால் பாடுவேன். குரல் கேவலமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, இது கச்சேரி இல்லை. சுருதியைக் கேட்டவுடன் பெயர் சொல்கிற பிறவி வரம் உள்ளவர்களுக்கு இது சுலபம் என்று பொறாமைப்பட வேண்டாம். பி ஃப்ளாட் கிளாரினெட்டின் தாளில் சி என்று எழுதியிருக்கும், ஒலிப்பதோ பி ஃப்ளாட். அப்போது அவர்கள் படும் அவஸ்தையைப் பார்க்க வேண்டும். இந்த கிளாரினெட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சரி, கம்போசிஷன். சேர்ந்தவுடன் சிம்ஃபொனி எழுதச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கையில் கொடுத்தது கவுன்டர்பாயின்ட், அதாவது தனித்தனி மெட்டுகளை ஒன்றாக ஓடவிடும் கலை. 1725-ல் ஃபுக்ஸ் என்ற இசையமைப்பாளர் லத்தீனில் எழுதிய பாடத்திட்டம் இன்னும் பல இடங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் நடக்கிறது. ஹைடன் அதை வைத்துத் தானே படித்தார், பின்னாளில் பீத்தோவனுக்கு அந்த முறையிலேயே பயிற்சி கொடுத்தார். என் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை, எல்லாம் ஒரே தப்புக்கு: இணையான ஐந்தாம் இடைவெளி. ஏன் தடை என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு குரல் ஒரே ஐந்தாம் இடைவெளியில் (ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம்) சேர்ந்து நகர்ந்தால், காதுக்கு அவை தனித்தனி ஆளாகத் தெரியாது, ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து ஒருவர் வேலையை வாங்குகிற மாதிரி.

இப்போது என் மானம் போன கதை. மூன்றாம் ஆண்டில் மாணவர் இசைக்குழு எங்கள் படைப்புகளை வாசித்துப் பார்க்கும் நாள். ஆளுக்கு 12 நிமிடம். நான் பியானோ மூளையோடு ஹார்ப் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்கு ஒரு வேகமான குரோமாட்டிக் இறக்கம் எழுதியிருந்தேன், அதாவது கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டை ஒன்று விடாமல். கம்ப்யூட்டர் அதை அருமையாக வாசித்துக் காட்டியது. அது எதைக் கொடுத்தாலும் வாசிக்கும், அதுதான் பிரச்சினை.

இசைக்குழு நடத்துநர் ஆரம்பித்தார். பதினெட்டாவது பாரில் ஹார்ப் நின்றது. வாசிப்பவர் தாளைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பிறகு அரங்கத்தில் என்னைத் தேடினார்.

"இதுக்கு எனக்கு எத்தனை கால் வேணும்னு நினைச்சீங்க?"

ஹார்ப்பில் 47 தந்தி, ஒரு ஆக்டேவுக்கு 7. ஸ்வரமோ 12. மீதியை 7 பெடல்கள்தான் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. நான் எழுதிய வேகத்தில் அடுத்தடுத்த அரை ஸ்வரம் என்றால் கால் இரண்டும் நடனமாட வேண்டும். பாடப்புத்தகத்தில் இருந்ததுதான், நான்தான் ஆழம் தெரியாமல் அடுத்தவர் காலை விட்டேன். சுமார் 40 பேர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். என் 12 நிமிடத்தில் மூன்று நிமிடம் போனது. அது போதாதென்று, புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயியில் நான் ஆசையாக எழுதிய மெட்டை டிரம்பெட்டுகள் முழுங்கிவிட்டன. கம்ப்யூட்டரில் தெளிவாகக் கேட்ட மெட்டு அது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு என் பதில். எது பிடிக்கும் என்று பார்க்காதீர்கள், இரண்டும்தான் பிடிக்கும், அதனால்தானே கேட்கிறீர்கள். எந்த அவமானம் உங்களுக்குச் செரிக்கும் என்று பாருங்கள். மேடையில் ஒரு ஸ்வரம் மறந்தால் மூன்று விநாடி நரகம், ஆனால் கை உங்களுடையது, அடுத்த பாரில் எழுந்து நின்றுவிடலாம். எழுதுகிறவள் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது, திணறுவது வேறொருவர். எனக்கு அது எப்படியோ செரித்தது. என் தோழி ஒருத்தி அதே நாளில் பெர்ஃபார்மன்ஸுக்குத் திரும்பிப் போனாள், இப்போது சந்தோஷமாக இருக்கிறாள்.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக. போர்ட்ஃபோலியோவில் மனிதர்கள் வாசித்த பதிவு ஒன்றாவது இருக்கட்டும், கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும். ஆடிஷனில் பாதியில் நிறுத்தச் சொன்னால் பதறாதீர்கள், பல நேரம் நேரமில்லை என்பதுதான் அர்த்தம். ஸ்கோரை எந்த மென்பொருளில் எழுதினாலும் பிடிஎஃப்-ஆகவும் மியூசிக் எக்ஸ்எம்எல்-ஆகவும் (வேறு மென்பொருளிலும் திறக்கிற கோப்பு) ஒரு நகல் வையுங்கள். 2024 ஆகஸ்ட்டில் ஃபினாலே என்ற ஸ்கோர் எழுதும் மென்பொருள் நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தபோது பழைய கோப்புகளோடு ஓடியவர்களைப் பார்த்தேன். இலவசமாக வேண்டுமென்றால் மியூஸ்ஸ்கோர் தாராளமாகப் போதும்.

அந்த ஹார்ப் கதை முடியவில்லை. மறுநாள் பென்சிலோடு அவருடைய பயிற்சி அறைக்குப் போனேன். குருவின் காலடியில் உட்கார்ந்து படிப்பது என்பார்களே, நான் நிஜமாகவே தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அவர் காலைப் பார்த்தேன். பெடல்களை முன்பே வைத்துக்கொண்டால் கிளிசாண்டோ (தந்திகள் மேல் விரலை வழித்துக்கொண்டு போவது) எத்தனை வேகத்திலும் வரும் என்று காட்டினார். ஹார்ப்புக்கு அதைக் கொடுத்துவிட்டு, குரோமாட்டிக் இறக்கத்தை கிளாரினெட்டுக்கு மாற்றினேன். அவசரத்தில் டிரான்ஸ்போஸ் செய்ய, அதாவது அதன் தாளில் ஒரு டோன் மேலே எழுத, மறந்து.

அடுத்த ஒத்திகையில் கிளாரினெட் அழகாக இறங்கி வந்து, தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசித்த கார்டுக்கு (ஸ்வரக் கூட்டுக்கு) ஒரு டோன் கீழே போய் நின்றது. ஆனால் இந்த முறை நடத்துநர் கையை உயர்த்துவதற்குள் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எனக்கே கேட்டுவிட்டது.

கதவைத் தட்டுகிறார்கள். ஒரு நிமிடம், வந்துவிட்டேன்! சரி, கிளம்புகிறேன். டிராம்போன் அண்ணா இன்னும் நிறுத்தவில்லை, கேட்கிறதா?