கேம்பிள் மாளிகையின் மரவேலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஏரியல், டைட் சலவைத்தூள்களைத் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேம்பிள் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறைக்காரர் டேவிட் கேம்பிள். தாங்கள் வாழ்ந்த சின்சினாட்டி நகரின் குளிருக்குத் தப்பி, ஓய்வுக்காலத்தை இதமான வெயிலில் கழிக்க விரும்பிய அவரும் மனைவி மேரியும் 1908இல் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ஒரு வீடு கட்டத் தொடங்கினார்கள். அமெரிக்க மரவேலையின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் அந்த வீட்டைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த வீடு ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கத்தின் வாரிசு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைகள் கொட்டிக் குவித்த சரக்கைக் கண்டு மனம் கசந்தவர்கள் ஜான் ரஸ்கினும் வில்லியம் மாரிஸும். கைவினைஞனின் மதிப்பை மீட்க வேண்டும் என்று அவர்கள் எழுப்பிய குரலில் பிறந்த இயக்கம் அது. அந்தக் கொள்கைக்குக் கட்டிய கோயில் போன்ற வீட்டுக்குப் பணம் வந்ததோ ஒரு சோப்பு ஆலையிலிருந்து! சாமானியனுக்கும் எட்டும் அழகை மாரிஸ் கனவு கண்டார், எட்டியது முதலாளிக்குத்தான். இதைப் பேசாமல் இந்த வீட்டைப் புகழ்வது நியாயமில்லை. பேசிவிட்டேன், இனிப் புகழலாம்.

கட்டியவர்கள் சார்ல்ஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்ற சகோதரர்கள். கட்டடக்கலை படிப்பதற்கு முன்பே, செயின்ட் லூயிஸ் நகரின் கைத்தொழில் பயிற்சிப் பள்ளியில் மரத்திலும் உலோகத்திலும் கை பழகியவர்கள். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜப்பானியர் எழுப்பியிருந்த மரமண்டபம் அவர்களைக் கவர்ந்தது. அதன் சாயல் இந்த வீட்டின் தாழ்ந்து அகன்ற கூரையிலும், இறவாணத்தைத் தாண்டி நீளும் கைமரங்களிலும் தெரிகிறது.

வாசலில் ஓக் மரம் ஒன்று கிளை விரித்து நிற்கிறது. கண்ணாடி மரம்தான். எமில் லாங்கே செய்த வண்ணக் கண்ணாடித் துண்டுகள் கதவு முழுவதும் பரவியிருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நடுக்கூடமே பொன்னிறம் ஆகிவிடும். அந்தக் கூடத்தின் மரம் பர்மா தேக்கு. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாக வந்து நின்றதும் பர்மா தேக்குதான். ஆனால் அங்கே பார்ப்பது போன்ற நுணுக்கமான சிற்ப வேலையை இங்கே அதிகம் காண முடியாது. மரமும் மரமும் சேரும் பொருத்துதான் இங்கே அலங்காரம். மாடிப்படியின் கைப்பிடிச் சட்டங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கின்றன. பொருத்து சற்றே துருத்திக்கொண்டு, 'என்னைப் பார்' என்கிறது. விளிம்புகள் எல்லாம் மழுங்க இழைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்வீடனில் பிறந்த பீட்டர் ஹால், ஜான் ஹால் சகோதரர்களின் தச்சுக்கூடம் செய்த வேலை இது. கட்டடக் கலைஞரின் பெயருக்குப் பின்னால் ஆசாரியின் பெயர் மறைந்துபோவது எல்லா நாட்டிலும் வழக்கம். அதனால்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வீட்டு மேசை, நாற்காலிகளில் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கருங்காலிக் கட்டைகள் பதித்திருக்கும். மரஆணி என்றே எண்ணத் தோன்றும். பல இடங்களில் அதற்கு அடியில் ஒளிந்திருப்பது திருகாணி! கட்டுமானத்தை ஒளிக்காமல் காட்டுவதே அறம் என்று பேசிய இயக்கத்துக்கு இது கொஞ்சம் இடிக்கும். ஆனால் மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். திருகாணி சற்று நகர இடம் விட்டுப் பூட்டினால்தான் பலகை வெடிக்காது. கொள்கையைவிட மரத்தின் குணத்துக்குக் கட்டுப்பட்ட தச்சனின் முடிவு அது. என் ஓட்டு அவனுக்கே.

கிரீன் சகோதரர்களின் தந்தை மருத்துவர். காற்றும் வெளிச்சமும் வீட்டுக்கு அவசியம் என்று வலியுறுத்தியவர். மாடியில் படுக்கையறைகளை ஒட்டித் திறந்த தாழ்வாரங்கள் அமைந்ததில் அந்தப் போதனைக்கும் பங்கு உண்டு. நம் ஊர் மொட்டைமாடியைப் போல அங்கேயும் இரவில் காற்றாடப் படுத்துக்கொள்ளலாம்.

பின்னாளில் இந்தப் பாணி மவுசு இழந்தது. குடும்பத்தின் அடுத்த தலைமுறை வீட்டை விற்க நினைத்தபோது, பார்க்க வந்தவர்கள் உள்ளே இருக்கும் மரத்துக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்ததாம். விற்கும் எண்ணம் அத்தோடு போயிற்று. 1966இல் பாசடீனா நகருக்கும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குமான ஏற்பாட்டில் வீட்டைக் கொடையாக அளித்தார்கள். இப்போது பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம். ஆண்டுதோறும் கட்டடக்கலை மாணவர் இருவர் அங்கேயே தங்கிப் படிக்கவும் செய்கிறார்கள்.

கூரைக்கு வெளியே நீண்ட அந்த அழகான கைமர நுனிகள்தான் கடைசியில் தொல்லை கொடுத்தன. மழையும் வெயிலும் தின்று உளுத்துப்போயின. 2004இல் வெளிப்புறத்துக்குப் பெரிய செப்பனிடும் பணி நடந்தது. நுனியை ஓரடி உள்ளே இழுத்திருந்தால் இந்தச் செலவு இல்லை. ஆனால் சுவரில் விழும் அந்த நிழல் வரிசையும் இருந்திருக்காது. கிரீன் சகோதரர்கள் நிழலைத் தேர்ந்தெடுத்தார்கள். பராமரிப்புச் செலவு பிறகு வந்தவர்கள் தலையில் விழுந்தது.

நன்றி, வணக்கம்.