கெட்ட கொழுப்பு காறிப்போக எத்தனை நிமிடம்?

சுங்கை சிப்புட் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

கிளினிக்கில் ரத்தம் கொடுத்தால் வரும் தாளில் எல்.டி.எல். என்று ஓர் எண் இருக்கும். கெட்ட கொழுப்பு எவ்வளவு என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்தக் கொழுப்பு எவ்வளவு சீக்கிரம் காறிப்போகும் என்பது வேறு கேள்வி. போத்தலில் சமையல் எண்ணெய் காறுவதும், ரத்தக் குழாய்ச் சுவருக்குள் எல்.டி.எல். துகள் ஆக்சிஜனேற்றம் அடைவதும் அடிப்படையில் ஒரே வேதிவினை. காறிய துகள்களை வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கி வீங்கும்போது குழாயில் கொழுப்பு படிகிறது.

இதை அளக்கும் முறையை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் எஸ்டர்பவர் குழுவினர் 1989இல் வெளியிட்டார்கள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தை இ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைக் கட்டிப்போட்டு ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் பிடித்து, குளிரிலேயே பிளாஸ்மாவை, அதாவது அணுக்கள் நீங்கிய ரத்த நீரை, பிரிக்க வேண்டும். பிறகு அதிவேக மையவிலக்கியில் சுழற்றி, அடர்த்தி 1.019க்கும் 1.063க்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அதுதான் எல்.டி.எல். பி.எச். 7.4 உள்ள பாஸ்பேட் உப்புக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 0.25 மில்லிகிராம் எல்.டி.எல். இருக்கும்படி கலந்து, 1.66 மைக்ரோமோலார் செம்பு சல்பேட் சேர்ப்பார்கள். ஒரு துகளுக்கு ஏறக்குறைய 16 செம்பு அயனி என்று கணக்கு. செம்பனை எண்ணெய் போகும் வழியில் பித்தளை வால்வு கூடாது என்பார்களே, அதே காரணம்தான்: செம்பு பட்டால் எண்ணெய் வேகமாகக் காறும். அங்கே வேண்டாதது இங்கே வேண்டியிருக்கிறது.

கொழுப்பு காறத் தொடங்கும்போது உருவாகும் பொருள் 234 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும்; சில நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஒளியில் அளவு பார்த்துக் கோடாக வரைவார்கள். முதலில் கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கும். துகளுக்குள் இருக்கும் வைட்டமின் ஈ, சராசரியாக 6 மூலக்கூறுதான், முதலில் தன்னைச் செலவழிக்கிறது. அது தீர்ந்ததும் கோடு சட்டென்று ஏறும். ஏறும் பகுதியை ஒட்டி ஒரு நேர்கோடு இழுத்தால், அது படுத்த கோட்டை வெட்டும் இடம்தான் தாமத நேரம். நிமிடத்தில் சொல்வார்கள்.

கோளாறு பெரும்பாலும் இ.டி.டி.ஏ.வில்தான். பால்மரப் பாலில் அமோனியா கூடிப்போனால் உறைய வைக்க அமிலம் கூடுதலாகக் கேட்கும் அல்லவா? அது மாதிரிதான். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இ.டி.டி.ஏ. போட்டால் அது சுமார் 2,700 மைக்ரோமோலார். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு சோதனைக் கலவையில் தங்கினாலே செம்பு முழுவதையும் கட்டிப்போட்டுவிடும். கோடு ஏறவே ஏறாது. பார்ப்பவர் நல்ல கொழுப்பு என்று ஏமாறுவார். அதனால் வடிகட்டும் ஜெல் குழாயில் ஓடவிட்டோ, குளிரில், இருட்டில் சவ்வுப் பையில் ஊறவைத்தோ அதை நீக்குவார்கள். நீக்கியபின் துகளுக்குப் பாதுகாப்பு இல்லை. அன்றைக்கே சோதித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் தாமத நேரம் பொய்யாகக் குறையும்.

சாதாரண பிளாஸ்டிக் குவளையில் அளக்க முடியாது, 234இல் அதுவே ஒளியை மறைக்கும்; குவார்ட்ஸ்தான். பிளாஸ்மாவை உறையவைப்பதானால் கொஞ்சம் சுக்ரோஸ் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் துகள்கள் ஒட்டிக்கொண்டு கரைசல் கலங்கிவிடும், தொடக்கத்திலேயே அளவு உயர்ந்து நிற்கும்.

எல்.டி.எல்.லைத் தனியாகப் பிரிக்கும்போது வைட்டமின் சி, யூரிக் அமிலம் போன்ற நீரில் கரையும் காவலர்கள் போய்விடுகிறார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்க்க, இ.டி.டி.ஏ.வுக்குப் பதில் ஹெப்பரின் என்ற உறைதடுப்பு மருந்து போட்டு எடுத்த பிளாஸ்மாவை நூறு மடங்குக்கும் மேல் நீர்க்கவைத்து நேரடியாக அளக்கும் முறையும் உண்டு. அதில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் செம்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் செம்பு நிறையவே தேவை.

வெப்பநிலை 30 டிகிரியா 37 டிகிரியா என்பதைப் பொறுத்தே தாமத நேரம் மாறும். ஓர் ஆய்வுக்கூடத்தின் எண்ணை இன்னோர் ஆய்வுக்கூடத்தின் எண்ணோடு ஒப்பிடுவது வீண். ஒவ்வொரு நாளும் ஒரே பொதுப் பிளாஸ்மாவைப் பக்கத்தில் ஓட்டினால்தான் நம்பலாம். வைட்டமின் ஈ மாத்திரை இந்த நேரத்தை நீட்டுவது உண்மை. ஆனால் 2000இல் வெளிவந்த ஹோப் என்ற பெரிய மருத்துவ ஆய்வில் வைட்டமின் ஈ தினம் 400 யூனிட் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. இந்த எண்ணைக் காட்டி யாராவது மாத்திரை விற்க வந்தால், எத்தனை டிகிரியில், எவ்வளவு செம்பில் அளந்தீர்கள் என்று கேளுங்கள்.