3 கிலோமீட்டர் தோண்டினார்கள், 78 கிலோமீட்டர் ரயில் கிடைத்தது!

(திரையில்: லாஸ் ஏஞ்சலஸ் வரைபடம்)

வணக்கம்! அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ். ஊர் நடுவே சுமார் 3 கிலோமீட்டர் சுரங்கம். அதைத் திறந்த அன்றே 78 கிலோமீட்டருக்கு ஒரே லைட் ரயில் (டிராமின் பெரிய அண்ணன்) பாதை. எப்படி?

2023 ஜூனுக்கு முன்பு தெற்கே லாங் பீச்சிலிருந்து வடக்கே பாசடீனா போக மூன்று வண்டி. நீலப் பாதையில் வந்து, சுரங்க ரயிலுக்கு மாறி, யூனியன் ஸ்டேஷனில் இறங்கித் தங்கப் பாதையைப் பிடிக்க வேண்டும். (அப்போதே நீலத்தின் பெயர் ஏ, தங்கத்தின் பெயர் எல் என்று ஆகிவிட்டது. எனக்கு நிறம்தான் வாய்க்கு வருகிறது.) நடுவில் இருந்த இடைவெளியைச் சுரங்கம் அடைத்தது. செலவு? ஏறக்குறைய 180 கோடி டாலர். மயக்கம் வருவதற்குள் அடுத்ததுக்குப் போவோம்.

தங்கப் பாதைக்கு இரண்டு கை. வடக்குக் கையை நீலத்தோடு ஒட்டினார்கள். அதுதான் அந்த 78 கிலோமீட்டர். கிழக்குக் கையை, சான்டா மோனிகா போகும் எக்ஸ்போ பாதையோடு ஒட்டினார்கள். தங்கம் காணாமல் போனது!

இப்போது ஒரு பேனா எடுங்கள். நிஜமாகவே எடுங்கள்.

(திரையில்: இரண்டு கோடுகள் நடுவில் சேர்கின்றன)

இரண்டு பாதையிலும் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வையுங்கள். நடுச்சுரங்கம் இரண்டுக்கும் பொது. அங்கே 5 நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும். இலவசமாக இரட்டிப்பு! ஆனால் ஒரு வண்டி 4 நிமிடம் தாமதமானால்? நடைமேடையில் 9 நிமிடம் காத்திருப்பீர்கள். வருகிற வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. முண்டியடித்து ஏறிய ஒரே நிமிடத்தில் பின்னாலேயே இன்னொன்று, காலியாக, காற்று வாங்கிக்கொண்டு வரும். அந்தக் கடுப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த 4 நிமிடம் எங்கே போனது? லாஸ் ஏஞ்சலஸின் வாஷிங்டன் சாலையில் ரயில் தெருவிலேயே ஓடுகிறது. கார்களோடு சேர்ந்து அதுவும் சிக்னலுக்கு நிற்கிறது. அந்தச் சிவப்பு விளக்கின் பலனை அனுபவிப்பவர் மறுமுனையில் இருப்பவர். என்னைக் கேட்டால், முதலில் சிக்னலைச் சரிசெய்திருக்க வேண்டும். 2025இல் அந்த 78 கிலோமீட்டர் பாதையை போமோனா வரை வேறு நீட்டிவிட்டார்கள். இப்போது 90 கிலோமீட்டருக்கும் மேல்!

தோண்டாமலே இணைக்க முடியாதா? ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரம் செய்து காட்டியது. 1992இல் அதன் டிராம்கள் தெருவை விட்டு நேராகப் பெரிய ரயிலின் தண்டவாளத்தில் ஏறி பிரெட்டன் என்ற ஊர் வரை போயின. ஊருக்குள் 750 வோல்ட், வெளியே 15,000 வோல்ட். இரண்டிலும் ஓடும் வண்டி! கூட்டம் அள்ளியது. அப்புறம்? கடைத்தெருவில் வண்டிக்குப் பின்னால் வண்டி, சுவர் கட்டியது போல. கடைசியில் 2021இல் அவர்களும் ஒரு சுரங்கம் திறந்தார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நெடுந்தூரம் போகும் கார்ல்ஸ்ரூவே வண்டிகள் சிலவற்றில் கழிப்பறை உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் வண்டியில் கிடையாது. முனைக்கு முனை போகிறவர்கள் வீட்டிலேயே முடித்துக்கொண்டு ஏறவும்.