'ஆர்யா' முக்கோணத்தில் ஒரு கோடு பொய்

வணக்கம் மக்களே. ஒரு நிமிடம், ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது, நிறுத்திவிட்டு வருகிறேன்... சரி, இனி வேர்க்க வேர்க்கத்தான் பேச வேண்டும்.

2004-இல் வந்த தெலுங்கு 'ஆர்யா'வை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். தனுஷ் நடித்து 2010 பொங்கலுக்கு வந்த 'குட்டி' இதன் ரீமேக்தான், அதனால் உங்களில் பாதிப் பேருக்குக் கதை தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், முடிவு வரைக்கும் உளறப் போகிறேன்.

கீதா காலேஜ் பெண். எம்.பி. மகன் அஜய், நீ என்னைக் காதலிக்கவில்லை என்றால் மாடியிலிருந்து குதித்துவிடுவேன் என்று மிரட்டுகிறான், அவளும் பயத்தில் சரி என்று சொல்லிவிடுகிறாள். அப்புறம் வருகிற ஆர்யா, அவளுக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தே தன் காதலைச் சொல்கிறான். நீ என்னைத் திருப்பிக் காதலிக்க வேண்டாம், நான் காதலிப்பதை உணர்ந்தால் போதும் என்பதுதான் அவன் கட்சி. 'ஃபீல் மை லவ்' பாட்டு முழுக்க இதுதான், தேவி ஸ்ரீ பிரசாத் அதைத் தமிழுக்கும் அப்படியே கொண்டுவந்தார்.

சின்ன வயதில் பார்த்தபோது ஆர்யா தியாகி, அஜய் வில்லன், அவ்வளவுதான் எனக்கு. நேற்றுத்தான் உறைத்தது, இதில் முக்கோணமே கிடையாது! மூன்று பேர் இருக்கிறார்கள், ஆனால் கீதாவுக்கும் அஜய்க்கும் நடுவில் போட்ட கோடு பயத்தில் போட்டது. இயக்குநர் சுகுமார் சினிமாவுக்கு வருவதற்கு முன் கணக்கு வாத்தியார், இது அவருக்கு முதல் படம். தப்பான கணக்கை முதல் வரியிலேயே எழுதிப் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணே அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று கடைசி வரை காத்திருக்கிறார் மனுஷன்.

சண்டைக் காட்சிகளும் இதனால்தான் எனக்குப் பிடிக்கின்றன. அஜய்யின் அப்பா அரசியல் லாபத்துக்காக வேறு சம்பந்தம் பேச, காதலர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஓடுவது யார் தெரியுமா, ஆர்யா. அடியாட்கள் துரத்துகிறார்கள், நடுவழியில் அஜய் கழன்றுகொள்கிறான், இவன் மட்டும் அடுத்தவனுக்கு ஒப்படைக்க வேண்டிய பெண்ணுக்காக அடி வாங்குகிறான். ஆர்யாவாக வரும் அல்லு அர்ஜுனுக்கு இது 'கங்கோத்ரி'க்கு அடுத்த படம், உடம்பில் ஸ்பிரிங் வைத்த மாதிரி துள்ளுகிறார். கேரளாவில் அவருக்கு அத்தனை ரசிகர்கள் சேர்ந்ததற்குப் பிள்ளையார் சுழி இதன் மலையாள டப்பிங்தான். கேமரா நம்ம ரத்னவேலு, 'சேது' எடுத்தவர். ஒருதலைக் காதலைப் படம் பிடிப்பது அவருக்குப் புதிதா என்ன!

ஆனால் ஒன்று நெருடுகிறது. ஆர்யா மட்டும் யோக்கியமா? அஜய் சாகிறேன் என்று மிரட்டினான், இவன் சிரித்துக்கொண்டே விடாமல் பின்னால் சுற்றுகிறான். கீதாவுக்கு எந்தப் பக்கமும் மூச்சுவிட இடமில்லை. அஜய்யோடு நடக்கவிருந்த கல்யாண நாளில் அவள் ஆர்யாவைத் தேடி வரும்போது எனக்கு இன்றைக்கும் கண் கலங்குகிறது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த இடத்தை எட்டுவதற்கு முன்னால் இரண்டு பேரையும் போங்கடா என்று சொல்ல அவளுக்கு ஒரே ஒரு சீன் கொடுத்திருக்கலாம்.

'ஆர்யா 2'வை அடுத்த வீடியோவில் வைத்துக்கொள்வோம். அதிலும் ஆர்யா, அஜய் என்ற பெயர்கள்தான், கதை வேறு. இப்போது ஃபேனைப் போடுகிறேன், சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.