திறந்த பில்டரும் கொழும்புச் சூடும்

வணக்கம் நேயர்களே.

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல் மீண்டும் அனுமதி வந்தபோது விலையைக் கேட்டுவிட்டுப் பலர் பழைய காரோடேயே இருந்துவிட்டார்கள். பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பார்ட்ஸ் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே பூட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷமே. ஆனால் அவர்கள் முதலில் வாங்குவது அநேகமாகப் பெட்டியில்லாமல் திறந்தபடி இருக்கும் அந்தக் கூம்பு வடிவ ஏர் பில்டர். அங்கேதான் எனக்குப் பிணக்கு.

‘பிக்அப் கூடும்’ என்று கடையில் சொல்வார்கள். சத்தம் கூடும், அதில் சந்தேகமில்லை. மற்றதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கம்பனி பூட்டித் தந்த பில்டர் பெட்டி வெறும் கறுப்புப் பிளாஸ்டிக், பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் குழாய் வாய் முன் கிரில்லுக்குப் பின்னாலோ மட்கார்ட் பக்கமாகவோ திரும்பி, வெளிக்காற்றை இழுக்கும். அதைக் கழற்றிவிட்டுத் திறந்த பில்டரைப் பூட்டினால், எஞ்சின் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே இழுக்கும். பம்பலப்பிட்டியில் மாலை ஆறு மணிக்குக் காலி வீதி நெரிசலில் நிற்கும்போது பொனட்டுக்குள் என்ன சூடு இருக்கும்? வெளியே 32 பாகை, உள்ளே 60 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி 8 சதவீதமளவில் குறைந்துவிடும். காற்றுக் குறைந்தால், அக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் இழுவை குறையும். போதாததற்கு, சூடான காற்றில் எஞ்சின் ‘நொக்’ ஆகாமலிருக்க, அதாவது பெற்றோல் நேரம் தவறி எரிந்து தட்டாமலிருக்க, காரின் கம்பியூட்டர் தீப்பொறியின் நேரத்தையும் பின்தள்ளும். இரைச்சலைக் கேட்டு ஓட்டுபவர் மட்டும் கார் பறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, பல கார்களில் பில்டருக்கு அடுத்த குழாயில்தான் காற்றை அளக்கும் சென்சர் இருக்கிறது. அந்தக் குழாயின் விட்டத்துக்கு ஏற்றபடியே அதன் கணக்கு. விட்டம் வேறான குழாயைப் பூட்டினால் கணக்கும் பிழையாகிவிடும். எண்ணெய் தடவிய பில்டரில் எண்ணெய் அதிகமானால் அது சென்சரின் மெல்லிய கம்பியில் போய்ப் படியும். கொஞ்ச நாளில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரியும். ஸ்கேனரைப் போட்டால் பி0171 என்று வரலாம். காற்றுக்கேற்ற பெற்றோல் போகவில்லை என்பது அதன் பொருள். கிளிப் தளர்ந்து, சென்சரைத் தாண்டி வேறு வழியில் காற்றுப் போனாலும் இதே கோட்தான்.

சரி, அப்படியானால் வீட்டில் எதைத்தான் பூட்டுவது? ஸ்பார்க் பிளக்கில் தொடங்குங்கள் என்பேன். 121 கொரோலாவில் வரும் 1.5 லீற்றர் என்இசட் எஞ்சினை எடுத்துக்கொண்டால், நாலு பிளக்கும் மேலேயே இருக்கின்றன. காருக்கு அடியில் போகத் தேவையில்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கழற்றுங்கள். அதன் தலைப்பகுதி அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை கிழிந்துவிடலாம். புதியதைக் கையாலேயே பல சுற்று இறக்குங்கள். கடைசி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்சில், இந்த எஞ்சினுக்கு 18 நியூட்டன் மீற்றர். கை பலத்தைக் காட்ட வேண்டிய இடமில்லை இது. இரிடியம் பிளக் என்றால் இடைவெளியைத் தட்டிச் சரிசெய்யப் போகாதீர்கள், முனை உடைந்துவிடும்.

பிரபல கம்பனிகளின் பெயரில் போலிப் பிளக்குகள் ஏராளம் வருகின்றன. கடைக்குப் போகும்போது செசி நம்பரைக் குறித்துக்கொண்டு, பழைய பிளக்கையும் கையில் எடுத்துப் போங்கள். விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் திரும்பிவிடுங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்குவா, பிரியஸ் போன்ற கார்களில் ‘ரெடி’ விளக்கு எரிந்துகொண்டிருந்தால், எஞ்சின் அமைதியாக இருந்தாலும் எந்த நிமிடமும் தானாக ஸ்டார்ட் ஆகும். பொனட்டுக்குள் கை வைக்கமுன் காரை முழுதாக நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைத்துவிடுங்கள். ஒரேஞ்ச் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். காருக்கு அடியில் போகிற வேலையென்றால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். பிளொக் கல் அடுக்கவும் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் வாங்குங்கள்.

புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கன்வேட்டரைக் கழற்றித் தரச் சொல்லி என்னிடம் கேட்கிறவர்களும் உண்டு. புகைப் பரிசோதனையில் தேறாமல் வருடாந்த லைசன்ஸ் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இத்தனையும் கேட்ட பிறகும் அந்தக் கூம்பு பில்டர்தான் வேண்டுமென்றால், வெளிக்காற்று வரும் இடத்துக்குக் குழாயை நீட்டி, எஞ்சின் சூடு படாதபடி ஒரு தடுப்பும் வைத்துப் பூட்டுங்கள். அன்று வேறு எதையும் மாற்றாதீர்கள், பிழை வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். பழைய பெட்டியை எறிய வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். மறுநாள் மெரின் டிரைவில் ஒரு ஓட்டம் ஓட்டி வந்து, எஞ்சின் ஆறியதும் கிளிப்புகளை இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள்.