சேற்றை மேயும் மீன்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று மடவை மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சேற்றில் வாய் வைக்கும் மீன், கழிவைத் தின்று பிழைக்கும் மீன் என்று விவரம் தெரிந்தவர்கள்கூட அதைத் தாழ்த்திப் பேசுவதுண்டு. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. மடவை சேற்றை விழுங்குவது உண்மைதான். ஆனால் அது சேற்றில் எதைத் தேடுகிறது, தேடி எடுத்ததை என்ன செய்கிறது என்பதைப் பார்த்த பிறகே அதன் தகுதியைப் பற்றி நாம் பேச வேண்டும்.

மடவைக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்டது, 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 'முகில் செபாலஸ்' என்று பெயரிட்ட இனம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 42 பாகை வரை, வெப்பமும் மிதவெப்பமும் கொண்ட கடலோரங்கள் எங்கும் இது காணப்படுகிறது. ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இதனுள், வெளித்தோற்றத்தில் பிரித்தறிய இயலாத பத்துக்கும் மேற்பட்ட மரபுக் கிளைகள் இருப்பதை அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உருண்டு நீண்ட உடலும், தட்டையான அகன்ற தலையும், தனித்தனியே நிற்கும் இரண்டு முதுகுத் துடுப்புகளும் இதன் அடையாளங்கள். முதல் துடுப்பில் நான்கு முட்களே இருக்கும். கண்ணை முன்னும் பின்னும் மூடியிருக்கும் கொழுப்புப் படலம், பாவைக்கு மட்டும் ஒரு நீள்பிளவை விட்டுவைக்கிறது.

இனி இரை எடுக்கும் முறைக்கு வருவோம். ஓதம், அதாவது கடல் ஏற்றம், ஏறத் தொடங்கியதும் மடவைக் கூட்டங்கள் முதல் நீரோடேயே சேற்றுத் திட்டுகளின் மேல் வந்துவிடுகின்றன. நீர் வற்றி வெயில் பட்ட நேரத்தில், சேற்றின் மேற்பரப்பில் பழுப்பும் பொன்னிறமும் கலந்த மெல்லிய ஏடு ஒன்று படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டயட்டம் என்னும் நுண்பாசிகள் ஒளியை நாடி மேலே ஏறி வருவதால் உண்டாகும் ஏடு அது. அதைத்தான் மடவை மேய்கிறது. தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மேலுதட்டால் மேற்பரப்பை மெல்லச் சுரண்டி, ஒரு வாய் வண்டலை உறிஞ்சிக்கொள்கிறது. வாய்க்குள் போனது அத்தனையும் வயிற்றுக்குப் போவதில்லை. நெருக்கமாக அமைந்த செவுள் முட்களும், தொண்டையில் உள்ள தனி உறுப்பு ஒன்றும் அதைச் சலித்து, நுண்ணிய துகள்களை நிறுத்திக்கொள்கின்றன. பருமணல் வாய் வழியாகவும் செவுள் வழியாகவும் வெளியேறுகிறது. அப்போது நீரில் சிறு கலங்கல் புகைபோல் எழுவதைக் கரையில் நின்றே காணலாம். நீர் வடிந்த பின் சேற்றில் எஞ்சும் ஆழமற்ற கீறல்கள் அந்த மேய்ச்சலின் தடங்கள்.

சலித்த பிறகும் ஓரளவு நுண்மணல் உள்ளே போகத்தான் செய்கிறது, அதுவும் வீணாவதில்லை. மடவையின் இரைப்பையில் ஒரு பகுதி, கோழியின் அரைவைப்பையைப் போலத் தடித்த தசைச்சுவர் கொண்டது. விழுங்கிய மணல் அங்கே நுண்பாசிகளின் கடினமான உறைகளை நொறுக்க உதவுகிறது. அதற்கு அடுத்து வரும் குடல் உடலின் நீளத்தைப்போலப் பல மடங்கு நீண்டு, சுருள் சுருளாக மடிந்து கிடக்கிறது. செரிக்கக் கடினமான தாவரப் பொருளிலிருந்தும், மட்கிய துகள்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களிலிருந்தும் சத்தைப் பிரித்தெடுக்க அவ்வளவு நீளம் வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு மிகப் பெரியது. உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே போய்ச் சேர்கிறது என்பது பொதுக் கணக்கு. பாசியைச் சிறு உயிரி தின்று, அதைச் சிறுமீன் தின்று, அதைப் பெருமீன் தின்னும்போது ஒவ்வொரு படியிலும் பெரும்பங்கு ஆற்றல் கழிந்துபோகிறது. மடவையோ கண்ணுக்குத் தெரியாத பாசியை இடைப்படிகள் இல்லாமல் நேரடியாகத் தின்று, பல கிலோ எடை வரை வளர்ந்து, சுறாவுக்கும் சீலாவுக்கும் டால்பினுக்கும் கூழைக்கடாவுக்கும் இரையாகிறது. நுண்பாசிக்கும் டால்பினுக்கும் இடையே ஒரே ஒரு மீன்! கடலோரத்தில் இந்தப் பணியை இவ்வளவு பெரிய அளவில் செய்யும் மீன்கள் மிகச் சிலவே.

மடவை ஏன் அடிக்கடி நீரிலிருந்து துள்ளுகிறது என்று பலரும் கேட்பார்கள். பகைக்குத் தப்புவது ஒரு காரணம். நீரில் ஆக்சிஜன் குறையும்போதும் துள்ளல் கூடுவதைக் கவனித்த ஆய்வாளர்கள், தொண்டையின் மேலறையில் காற்றைப் பிடித்துக்கொள்ள அது துள்ளுகிறது என்று கருதுகிறார்கள்.

அதன் வாழ்க்கை கழிமுகத்தோடு முடிவதில்லை. இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பருவமடையும் மடவைகள், சினை முற்றியதும் பெருங்கூட்டமாகத் திரண்டு கடலுக்குள் செல்கின்றன. பெரிய பெட்டை ஒன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த விட்டமுள்ள அந்த முட்டைகள், உள்ளிருக்கும் எண்ணெய்த் துளியின் உதவியால் மிதந்து, இரண்டு நாள் அளவில் பொரிகின்றன. மிதவை உயிரிகளைத் தின்று வளரும் குஞ்சுகள் இரண்டு சென்டிமீட்டர் நீளம் எட்டும்போது கரையை அடைந்து, முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் நுழைகின்றன. ஐந்து சென்டிமீட்டரைத் தொடுவதற்குள் அவற்றின் உணவு மிதவை உயிரியிலிருந்து சேற்றுப் பாசிக்கு மாறிவிடுகிறது. உடலின் உப்புச் சமநிலையைக் காக்கும் ஆற்றலும் அதே பருவத்தில் நிறைவு பெறுகிறது. கடல்நீரில் செவுள்கள் மிகையான உப்பை வெளியேற்றுகின்றன. நன்னீரில் அதே செவுள்கள் உப்பை உள்ளிழுக்க, சிறுநீரகம் மிகையான நீரைக் கழிக்கிறது. இதனால் ஆற்று நீரிலும், கடலைவிட இரு மடங்கு உவர்த்த கழியிலும் மடவையால் வாழ முடிகிறது.

எங்கும் வாழும் மீன் எங்கும் பெருகிவிடும் என்று எண்ணுவது தவறு. இஸ்ரேலில் உள்ள கலிலேயாக் கடல் என்னும் நன்னீர் ஏரியில் பல பத்தாண்டுகளாக மடவைக் குஞ்சுகளை விட்டு வருகிறார்கள். அவை அங்கே நன்றாக வளர்கின்றன, ஆனால் இனம் பெருக்குவதில்லை. எகிப்தில் மடவை வளர்ப்பு பெருந்தொழிலாக இருந்தும், குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் இயற்கையையே நம்ப வேண்டியிருக்கிறது. அதனால் முகத்துவாரம் அடைபடுவதும், ஆற்றின் குறுக்கே எழும் தடுப்பணையும் இந்த மீனுக்குப் பெரும் கேடு. சேற்றில் படியும் கன உலோகங்களையும் எண்ணெய்க் கசிவையும், மேற்பரப்பையே சுரண்டி உண்பதால், அது மற்ற மீன்களைவிட நேராக உட்கொள்கிறது. சினைக்காகவே முட்டையிடச் செல்லும் கூட்டத்தை வளைத்துப் பிடிப்பது மற்றொரு கேடு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1994இல் மக்கள் வாக்களித்து, 1995இல் மீனின் செவுள் சிக்கும்படி விரிக்கும் செவுள் வலைகளுக்குத் தடை வந்த பிறகு மடவை மீண்டும் பெருகியது.

தடுப்பணைகளைப் பற்றி இறுதியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். இரண்டு சென்டிமீட்டர் குஞ்சால் விசையான நீரை எதிர்த்து ஏற முடியாது. உயரம் குறைந்த படிகளும் வேகம் தணிந்த நீரும் கொண்ட மீன்வழி இருந்தால் ஏறிவிடும். மீன்வழி அமைக்க இயலாத இடத்தில், குஞ்சுகள் கரை சேரும் மாதங்களில் ஓதம் ஏறும் நேரம் பார்த்து மதகைச் சிறிது திறந்து வைத்தாலே போதும். மதகை இயக்கும் அட்டவணையை வகுக்கும் பொறியாளர்கள், அந்த மாதங்கள் எவை என்று தங்கள் பகுதி மீனவர்களிடம் கேட்டு அதில் சேர்க்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து வேண்டிக்கொள்கிறேன்.